சின்ன வயதில் புற்றுநோய் கண்டு பிழைத்தவர்களுக்குத் தூக்கம் ஏன் கெடுகிறது?



குழுக் கூட்டத்தில் நாம் எதையெல்லாமோ பேசுகிறோம். சேமிப்பு, தவணை, வட்டி, வங்கி மேலாளர் என்ன சொன்னார், தங்கு கடல் போன படகு எப்போ கரை திரும்பும், ஏலத்தில் மீன் என்ன விலை போனது என்று பேச்சு நீளும். தூக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. தருவைகுளத்தில் கோழி கூவும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டும் நமக்குத் தூக்கம் குறைவது ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை. "தூக்கமா, அது வரும்போது வரட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் சிலருக்குத் தூக்கம் கெடுவதற்கு வேலைச்சுமை மட்டும் காரணம் இல்லை. சிறு பிள்ளையாக இருந்தபோது புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்துப் பிழைத்து, இன்று 25, 30, 40 வயதில் நம் நடுவே குடும்பம் நடத்திக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறோம். நோய் போய்விட்டது. ஆனால் ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை. அல்லது எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அசதி போவதில்லை.

இப்படி ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். ஏழு வயதில் அவருக்கு ரத்தப் புற்றுநோய். அவரைப் பெற்ற தாய் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் ஊருக்குமாக வருஷக்கணக்கில் அலைந்து பிள்ளையைக் காப்பாற்றினார். இப்போது அவருக்கு 32 வயது, ரெண்டு பிள்ளைகள். காலையில் எழும்ப முடியவில்லை. குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுகிறார். வீட்டில் மாமியார் "சோம்பேறி" என்கிறார். நாமும், "என்ன மைனி, ராத்திரி பூரா டிவியா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். அவர் பதில் சொல்வதில்லை. ஏன் தெரியுமா? அந்த நோய் விவரம் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி ஆட்கள் எங்கேயோ ஒருவர் இருவர் என்று எண்ணிவிட வேண்டாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்டது. 1960-லேயே அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோயில் அப்போது பிழைத்தவர்கள் குறைவு. 1980-களில் அடையாறு மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே மாதிரியான சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். அதன் பிறகு ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். இன்று பணக்கார நாடுகளில் 100 பிள்ளைகளில் 80-க்கும் மேல் பிழைக்கிறார்கள். நம் நாட்டிலும் நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

அந்தப் பழைய சிகிச்சை முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் மூளைக்குப் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, பிள்ளைகளின் தலைக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஊர் வழக்கில் நாம் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிறோமே, அதுதான். உயிரைக் காப்பாற்ற அன்று அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அந்தச் சிகிச்சை எடுத்த பிள்ளைகளுக்கு இன்று 30, 40 வயது. அன்றைய வைத்தியம் உடம்பில் விட்டுப்போன சில தடங்கள் இப்போதுதான் தெரிய வருகின்றன. அதில் ஒன்று தூக்கம்.

இது யாரோ சொன்ன பேச்சு இல்லை. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கி, சிறுவயதில் புற்றுநோய் கண்டு பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கூடவே அவர்களின் உடன்பிறந்தவர்களையும் விசாரிக்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீட்டுச் சோறு, ஆனால் நோய் வராதவர்கள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. இந்த ஆய்வில் தூக்கத்தைப் பற்றி 2008-ல் வெளிவந்த கணக்குப்படி, பிழைத்தவர்களில் 100-க்குச் சுமார் 19 பேருக்குக் கடுமையான அசதி. சுமார் 17 பேருக்கு ராத்திரித் தூக்கம் கெட்டிருந்தது. 14 பேருக்குப் பகலில் தூக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும்: பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் தூங்குகிறார்கள். அதனால், பிள்ளைக்கு நோய் வந்து போன வீட்டில் இதைப் படிக்கிறவர்கள் மனசை உழப்பிக்கொள்ள வேண்டாம். தொல்லை இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளத்தான் எழுதுகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் 'விடிந்தது, எழு' என்றும், இருட்டினால் 'படு' என்றும் அதுதான் உடம்புக்குச் சொல்கிறது. அதன் பக்கத்திலேயேதான் பிட்யூட்டரி என்ற சுரப்பியும் இருக்கிறது. வளர்ச்சி, தைராய்டு, மாதவிடாய் எல்லாவற்றுக்கும் தலைமைக் கணக்கர் மாதிரி. தலையில் கட்டி வந்து அறுவை செய்தவர்களுக்கும், தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் இந்த இடம் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. அப்படி ஆனவர்களுக்கு ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினாலும் பகலில் தூக்கம் அடக்க முடியாமல் வரும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கண் சொருகும். மனசை வைத்து முழித்திருந்தால் சரியாகிவிடும் என்பது இங்கே செல்லாது.

அடுத்தது தைராய்டு. கழுத்துக்கோ தலைக்கோ கதிர்வீச்சு பட்டவர்களுக்கு, பத்து இருபது வருஷம் கழித்துக்கூட தைராய்டு சுரப்பது குறைந்துபோகலாம். அப்போது உடம்பு கனக்கும், எடை கூடும், மலச்சிக்கல் வரும், முடி கொட்டும், எப்போதும் தூங்கணும்போல இருக்கும். இதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். தினமும் ஒரு மாத்திரையில் சரிப்படுத்தலாம். இத்தனை சுலபமான ஒன்றுக்காக ஒரு பெண் வருஷக்கணக்கில் 'சோம்பேறி' பட்டம் சுமக்க வேண்டியிருப்பது கொடுமை.

மூன்றாவது குறட்டை. "குறட்டை விட்டா நல்ல தூக்கம்னுதானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். இல்லை. சிலருக்குத் தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு சில நொடிகள் நின்றுபோகும். சங்கு குளிக்க முங்கினவர் மூச்சு முட்டி விருட்டென்று மேலே வருவாரே, அந்த மாதிரி உடம்பு திடுக்கிட்டு எழுந்து மூச்சு வாங்கும். மறுபடி கண்ணயரும், மறுபடி அடைக்கும். ஒரு ராத்திரியில் நூறு தடவைகூட இப்படி நடக்கலாம். தூங்குகிறவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. காலையில் தலைவலியும் வாய் வறட்சியும் மட்டும் மிச்சம். பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. சிகிச்சைக்குப் பிறகு எடை கூடியவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, தேவைப்பட்டால் ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றுக் கருவி என்று இதற்கும் வழிகள் இருக்கின்றன.

நான்காவதாகச் சொல்வதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சிறுவயதில் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து நரம்பில் ஏற்றினார்கள் என்று சிலருக்கு நினைவிருக்கும். ஏற்றிய பிறகு மூத்திரமும் சிவப்பாகப் போயிருக்கும். டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் என்று அதற்குப் பெயர். நல்ல மருந்து; எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆனால் அளவு கூடினால் பல வருஷம் கழித்து இருதயத்தைப் பலவீனப்படுத்தும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவது, ரெண்டு மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிவது, நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, கால் வீங்குவது, இதெல்லாம் 'தூக்கம் வரல' என்ற கணக்கில் சேராது. இருதயம் தடுமாறுவதன் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்கோ பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் கடுமையானால் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மருந்து வாங்கியவர்கள் கர்ப்பமானால், முதல் பரிசோதனையிலேயே அந்த விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைப்பேறு இருதயத்துக்குக் கூடுதல் வேலை.

இன்னும் சில உண்டு. வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து கால் நரம்புகளைத் தொட்டுப் போகும். சிலருக்கு எரிச்சல், மரமரப்பு அப்படியே தங்கிவிடும். படுத்தவுடன் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கணும்போல இருந்தால் ரத்தசோகையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படி ஆகும். சிலருக்குக் கருப்பை பக்கம் பட்ட கதிர்வீச்சினாலும், சில மருந்துகளாலும் 30, 35 வயதிலேயே மாதவிடாய் நின்று, ராத்திரியில் உடம்பு தீயாய்க் கொதித்து வேர்த்து விழிப்பு வரும்.

மனசும் ஒரு காரணம்

உடம்பை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். ஐந்து வயதில் முதுகுத்தண்டில் ஊசி போட நாலு பேர் பிடித்து அமுக்கியதை ஒரு பிள்ளை எப்படி மறக்கும்? வளர்ந்த பிறகும் ஆஸ்பத்திரி வாடை பட்டாலே நெஞ்சு படபடக்கும். சாதாரணக் காய்ச்சல் வந்தாலும், கழுத்தில் ஒரு நெறி கட்டினாலும், 'திரும்ப வந்திருச்சோ' என்ற பயம் ராத்திரியில்தான் தலைமாட்டில் வந்து உட்காரும். பக்கத்துப் படுக்கைப் பிள்ளை ஒருநாள் இல்லாமல் போனதும் நினைவில் வரும். இந்தப் பயத்துக்கும் கெட்ட கனவுக்கும் வைத்தியம் இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இந்தச் சேவை இருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தை: அன்று பிள்ளையின் மூச்சை ராத்திரி முழுக்கக் காது கொடுத்துக் கேட்டபடி கிடந்த தாய்மார்கள் நம் குழுக்களில் இருந்தால், அவர்களில் பலருக்கும் அந்தப் பழக்கம் விட்டிருக்காது. பிள்ளைக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் தாய் முழித்துக்கொண்டுதான் இருப்பார். அவரையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

வரவு செலவு நோட்டு எழுதத் தெரிந்த நமக்குத் தூக்க நோட்டு எழுதுவது பெரிய காரியமா? ரெண்டு வாரம் எழுதினால் போதும். எத்தனை மணிக்குப் படுத்தோம், சுமாராக எப்போ தூக்கம் பிடித்தது, நடுவில் எத்தனை தடவை எழுந்தோம், எப்போ விடியலில் எழுந்தோம், பகலில் எங்கே கண் அசந்தோம், டீ எத்தனை குடித்தோம். எழுத வராதவர்களுக்கு மகளோ மகனோ எழுதிக் கொடுக்கட்டும். "தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த ஒரு தாளைக் காட்டினால் டாக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரைக்கு முன்பு செய்யச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. உலகம் முழுக்க இதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள். அதில் முக்கியமானது, எந்த நேரத்தில் படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கம் சொக்கினால் மட்டும் பாயில் படுப்பது. படுத்துக் கால் மணி, இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து திண்ணையிலோ வாசலிலோ உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுப்பது. பாயைப் பார்த்தாலே 'இன்னிக்கும் தூக்கம் வராது' என்று மனசு பழகிப்போயிருக்கும்; அதை மாற்றத்தான் இந்தப் பாடு. காலையில் எழுந்ததும் வெயில் முகத்தில் பட வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். மதியம் படுத்தால் அரை மணிக்கு மேல் வேண்டாம். செல்போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தூர வையுங்கள்.

'அமைதியான இருட்டு அறையில் தனியாகப் படுங்கள்' என்று புத்தகங்களில் போட்டிருக்கும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? நம்மால் ஆனது கொசுவலை, மின்விசிறி, டிவியை ஒன்பது மணிக்கு அணைப்பது. மீனுக்கோ உப்பளத்துக்கோ 3 மணிக்கு எழ வேண்டியவர் எட்டு மணிக்கே படுத்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவ வேறு ஒருவர் வர வேண்டும். இந்த வைத்தியத்துக்கு வீட்டு ஆண்களின் ஒத்தாசையும் ஒரு மருந்து.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாளில் அது இல்லாமல் தூக்கமே வராது என்று ஆகிவிடும். தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட. ஏற்கெனவே ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சொல்வதா, மறைப்பதா?

இத்தனையும் எழுதிய பிறகும், உண்மையான தடை இதுதான் என்பது நமக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது நோயை மறைத்தார்கள். பிறகு சொல்ல வழியில்லாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூட மாமியாரோ நாத்தனாரோ நிற்கிறார்கள், "முன்னால ஏதாவது பெரிய நோய் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டால், "இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பழைய சிகிச்சை விவரம் தெரியாமல் அவரால் எதைத் தேட முடியும்?

யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் டாக்டரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. "டாக்டரிடம் தனியாப் பேசணும்" என்று எந்தப் பெண்ணும் கேட்கலாம். நர்ஸம்மாவிடம் முன்கூட்டிச் சொன்னால் அவரே கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்வார். ஒன்றையும் தெளிவாகச் சொல்கிறோம்: புற்றுநோய் தொற்றாது. சிறுவயதுப் புற்றுநோய்க்குப் பெற்றோர் செய்த தப்போ, சாப்பாடோ, சாபமோ காரணம் இல்லை. பிழைத்த பெண்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

குழுவுக்கும் இதில் வேலை உண்டு. ஒரு சகோதரி இந்த விஷயத்தைக் குழுவில் யாரிடமாவது சொன்னால், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறக் கூடாது. உள்கடன் கேட்டால் காரணத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும். கூட்டத்தில் தூங்கிவிழுகிறவருக்கு அபராதம் போடுவதற்கு முன்னால், ஊக்குநர் ஒருதடவை தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்கட்டும்.

பழைய சீட்டு எங்கே?

டாக்டருக்கு வேண்டியது இவ்வளவுதான்: என்ன நோய், எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, என்னென்ன மருந்து, சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு உடம்பில் எங்கே எவ்வளவு, அறுவை நடந்ததா. சிகிச்சை முடிந்தபோது கொடுத்த சுருக்கச் சீட்டில் இதெல்லாம் இருக்கும். பல வீடுகளில் அது பெட்டிக்கடியில் கிடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் நம் மாவட்டத்தில் பெய்த பேய்மழையில் ரேஷன் கார்டு, பத்திரத்தோடு சேர்ந்து நனைந்து போன வீடுகளும் இருக்கும். போய்விட்டால் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவுக்கு, பிள்ளையின் அன்றைய பெயர், அப்பா பெயர், வருஷம், பழைய நோயாளி எண் இருந்தால் அதையும் எழுதிக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கிடைத்தவுடன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

மும்பை டாடா மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே 1991-ல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். சிகிச்சை முடிந்துவிட்டது என்பதால் கவனிப்பும் முடிந்துவிடாது என்பது டாக்டர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. நாம்தான் ஐந்து வருஷம் தாண்டியதும், 'இனி ஒன்றும் இல்லை' என்று போவதை நிறுத்திவிடுகிறோம். சிகிச்சை பெற்ற இடத்துக்கு இப்போதும் போகலாம். தூரம் என்றால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போகும்போது பழைய சீட்டு, ரெண்டு வாரத் தூக்க நோட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நான்கையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் காட்டுவது என்று தெரியாவிட்டால், கிளம்பும் முன் 104-ல் கேட்கலாம். குறட்டை, மூச்சு நிற்பது பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால், பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தங்கு கடலில் இருந்தால், கரை திரும்பும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.